பழைய வெள்ளிக்காசில் ஹைப்போ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேற்கு க்ஷத்ரபர் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அரசன் தலைக்குப் பின்னால் இருக்கும் தேதி. குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்டவர்கள் இவர்கள். சுமார் 2 கிராம் எடையுள்ள சின்ன வெள்ளிக்காசில் சக ஆண்டை (கி.பி. 78-இல் தொடங்கும் ஆண்டுக் கணக்கு) பிராமி எண்களில் பொறித்திருக்கிறார்கள். நூறுக்கு ஒரு குறி, தொண்ணூறுக்கு ஒரு குறி, ஒற்றை எண்ணுக்கு ஒரு குறி. 190 என்று இருந்தால் 78-ஐக் கூட்டி கி.பி. 268 என்று வாசிக்கலாம். அது இரண்டாம் ருத்ரசேனன் காலம். அச்சு சரியாக விழாமல் தேதியில் பாதி காசுக்கு வெளியே போயிருப்பது சகஜம். மிச்சமிருப்பதையும் படிவு மூடிவிட்டால் ஆண்டைச் சொல்ல வழியே இல்லை.

ஹைப்போ என்ற ரசாயனத்தால் நான் காசைச் சுத்தம் செய்வது அந்தத் தேதியைப் படிக்கத்தான். பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவாது.

முதலில் மேலே இருப்பது என்ன படிவு என்று பார்க்க வேண்டும். மெல்லிய கறுப்பு என்றால் வெள்ளி சல்பைடு. அதை நான் தொடுவதே இல்லை. பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் வெள்ளியுமாக இருந்தால் எழுத்து இன்னும் நன்றாகத் தெரியும். பச்சை என்றால் வெள்ளியோடு கலந்த செம்பு வெளியே வந்து களிம்பாகியிருக்கிறது. சாம்பலோ ஊதாவோ கலந்த நிறத்தில், தடிப்பாக, மரக்குச்சியால் அழுத்தினால் மெழுகு மாதிரி தடம் விழுகிற படிவு வேறு ரகம். அது வெள்ளி குளோரைடு. மண்ணில் இருக்கும் உப்பு வெள்ளியோடு சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் உருவானது. ஹைப்போ வேலை செய்வது இதில்தான்.

ஹைப்போ என்பது சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ இருட்டறையில் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுத்த அதே படிகம். இன்று வண்ண மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். நான் கெமிக்கல் கடையில் வாங்குகிறேன். பாக்கெட்டில் பெயர் தெளிவாக இருக்கும். விலை மிகக் குறைவு, ஒரு பாக்கெட் வெகுகாலம் வரும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காசை எடை போட்டு, இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்வேன். அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறவைப்பேன். அப்புறம் 200 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 20 கிராம் ஹைப்போ. ஒரு கிண்ணத்தில் ஒரு காசு மட்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்து, இளகிய இடத்தை மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுவேன். முதலில் தலைமுடியின் கோடுகள் வரும், பிறகு காது. கழுத்துக்குப் பின்னால் முதல் குறி எட்டிப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தேதி வாசிக்க வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மறுபக்கம் பிறை, சூரியனோடு நிற்கும் மூன்று வளைவுக் குன்றில் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருந்தால் இருக்கட்டும்.

பல பேர் அவசரப்படுவது கழுவுவதில். ஹைப்போ மிச்சம் உள்ளே தங்கினால் அது சிதைந்து வெள்ளியை மறுபடி கறுக்க வைக்கும். பழைய போட்டோக்கள் பழுப்பேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் டிஸ்டில்டு வாட்டரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் ஊறவைத்து, கடைசியில் அசிட்டோனில் முக்கி உலர்த்துகிறேன். இப்படிக் கழுவிய காசுகள் சென்னைக் காற்றிலும் பல மழைக்காலம் தாண்டி நிறம் மாறாமல் இருக்கின்றன. பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைப்பதில்லை. பச்சைப் பிசின் கட்டிவிடும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

குறைகளும் உண்டு. பச்சைக் களிம்புக்கு ஹைப்போவை நம்ப முடியாது. அதற்குச் செம்பு உப்பைப் பிடித்துக் கரைக்கும் டைசோடியம் எடிடிஏ என்ற ரசாயனத்தின் ஐந்து சதவீதக் கரைசல் போதும், அதையும் தனிக் கிண்ணத்தில்தான் செய்ய வேண்டும். எலுமிச்சைச் சாற்றையோ வேறு அமிலத்தையோ ஹைப்போவோடு கலக்கவே கூடாது. கரைசல் பால் போல் கலங்கிக் கந்தகம் படியும், சல்பர் டை ஆக்ஸைடு வாடை மூச்சை அடைக்கும், காசு கறுத்துப்போகும். படிவு வெள்ளியைத் தின்று உருவானது என்பதால் அதை எடுத்தபின் அடியில் சொரசொரப்பும் குழியும் தெரியலாம். அப்படிப் போன உலோகத்தை ஹைப்போவால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அமோனியாவும் குளோரைடைக் கரைக்கும், வேகமாகவே. ஆனால் வெள்ளி கரைந்த அமோனியா கரைசலை அப்படியே வைத்தாலோ, அது உலர்ந்தாலோ, வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். வீட்டில் வேண்டாம். நகைக்கடை டிப் திரவம் சில நொடியில் வெள்ளையாக்கும், மேற்பரப்பையும் அரிக்கும். குத்துவிளக்குக்குப் போடும் திருநீறும் பற்பொடியும் ஒரு மில்லிமீட்டர் எழுத்தைத் தேய்த்தே எடுத்துவிடும். அல்ட்ராசோனிக் மெஷினும் கூடாது. பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், விரிசல் இருந்தால் காசு இரண்டாகும்.

உள்ளே செம்பு, மேலே மட்டும் வெள்ளித் தகடு போர்த்திய காசுகளையும் எந்தக் கரைசலிலும் போடாதீர்கள். படிவு போகும்போது தகடும் உரிந்து வரும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாமல் கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதோடு, ஒட்டியிருக்கும் அந்த மண்ணிலும் ஆய்வாளருக்கு வேண்டிய தகவல் இருக்கலாம்.