தமொக்சிஃபனா, லெட்ரோசோலா?

மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து ஓமோன் சிகிச்சை தொடங்கியதும், வெள்ளவத்தைப் பக்கத்து வீடுகளில் எழும் முதற்கேள்வி, "இரண்டில் எது பலமான குளிசை?" என்பதுதான். உண்மையில் இவை வேறுபடுவது பலத்தால் அன்று, ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனை எந்த இடத்தில் மறிக்கின்றன என்பதால்.

கட்டியின் கலங்களில் ஈஸ்திரஜன் வாங்கிகள் இருந்தால், ஓமோன் அவற்றோடு பிணைந்து மரபணுக்களைத் தூண்ட, கலங்கள் பிரிந்து பெருகுகின்றன. பயொப்சி அறிக்கையில் 'ஈஆர் பொசிட்டிவ்' என்றிருப்பது இதையே குறிக்கிறது. வாங்கிகள் இல்லாதவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை.

நாளுக்கு 20 மி.கி. எடுக்கும் தமொக்சிஃபன், வாங்கியில் தானே போய் அமர்ந்து ஓமோனுக்கு இடமில்லாமற் செய்கிறது. ஆனால் மார்பில் ஈஸ்திரஜனை எதிர்க்கும் இதே மருந்து, கருப்பையிலும் எலும்பிலும் ஈஸ்திரஜனைப் போலவே நடந்துகொள்கிறது. அதனால் மாதவிடாய் நின்றவரின் எலும்பு ஓரளவு காக்கப்படுகிறது. கருப்பை உட்படைப் புற்றுநோயும் காலில் இரத்தம் கட்டுவதும் வரும் வாய்ப்போ சற்றுக் கூடுகிறது.

2.5 மி.கி. லெட்ரோசோல் வாங்கியைத் தொடுவதேயில்லை. மாதவிடாய் நின்ற பின் கொழுப்பிழையம், தசை முதலியவற்றில் அண்ட்ரஜன் என்ற ஆண் ஓமோனை ஈஸ்திரஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியத்தை அது முடக்குகிறது. சூலகம் இயங்கும் பெண்ணுக்கு இதை மட்டும் கொடுத்தால், ஈஸ்திரஜன் குறைந்ததை உணர்ந்த கபச்சுரப்பி சூலகத்தை மேலும் முடுக்கிவிடும்; குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டை முதிரவென்று சில நாட்களுக்குக் கொடுக்கப்படுவதும் இதே லெட்ரோசோல்தான். ஆகவே நாற்பது வயதுக்காரருக்குத் தமொக்சிஃபன், அல்லது கோசெரலின் ஊசியால் சூலகத்தை அடக்கிவிட்டு லெட்ரோசோல் வகை மருந்து என்பதே வழி.

மாதவிடாய் நின்றவர்களில் லெட்ரோசோல் வகைக்கே கை ஓங்கியிருக்கிறது. ஏறத்தாழ 32,000 பெண்களின் தரவுகளைத் திரட்டி 2015இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுச் சிகிச்சைகளை நேரடியாக ஒப்பிட்டபோது, பத்தாண்டுக்குள் மார்புப் புற்றுநோயால் இறந்தோர் தமொக்சிஃபன் எடுத்தவர்களில் 14.2%, லெட்ரோசோல் வகை எடுத்தவர்களில் 12.1%. அந்த இரண்டு சதவீதத்துக்கு விலையும் உண்டு: எலும்பு அடர்த்தி குறைகிறது, மூட்டுகள் நோகின்றன.

லெட்ரோசோல் எடுத்த என் மாமிக்கு இரண்டாம் வருடம் காலையில் தேங்காய் திருவ விரல்கள் மடங்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் குளிசைகளைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். புள்ளிவிபரத்தின் இரண்டு சதவீதத்தைவிட, அந்த டின்னுக்குள் போன இரண்டு மாதந்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. கிளினிக்கில் சொன்னவுடன் தமொக்சிஃபனுக்கு மாற்றச் சம்மதித்த வைத்தியர், அதற்கு முன் இரண்டைக் கேட்டார்: காலில் எப்போதாவது இரத்தம் கட்டியதா, மனச்சோர்வுக்குப் பரொக்செட்டின் எடுக்கிறாரா என்று. ஈரலில் தமொக்சிஃபனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதியத்தைப் பரொக்செட்டின் தடுத்துவிடுமாம்.