மான்செஸ்டர் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்: தொடர் கிடைக்கும், திசை கிடைக்குமா?

"மொழியில் பிழையில்லை, ஆனால் அத்தியாயம் எங்கே போகிறதென்று பிடிபடவில்லை." நெறியாளர் ஓரத்தில் இப்படி எழுதித் திருப்பி அனுப்பினால், ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் கைகாட்டப்படுவது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க். கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்றொடர்களை ஜான் மார்லி தொகுத்து உருவாக்கிய தொடர்க்களஞ்சியம் இது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்; விரிவான பிடிஎஃப் வடிவம் விலைக்கு உண்டு. வாசகரை அத்தியாயத்தின் வழியே கூட்டிச் செல்லும் தொடர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இதிலுள்ள தொடர்கள் யாரோ மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் 100 முதுநிலை ஆய்வேடுகளிலிருந்து முதலில் திரட்டப்பட்டன; பிறகு வேறு கல்விசார் எழுத்துகளிலிருந்தும் சேர்ந்தன. அதனால்தான் செயற்கை வாடை குறைவு. அறிமுகம், மேற்கோள், முறையியல், முடிவுகள், விவாதம், நிறைவுரை என்ற ஆறு பெரும்பிரிவுகளோடு, எங்கும் பயன்படும் பொதுச் செயல்களுக்கும் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அவற்றில் உள்ள 'சிக்னலிங் டிரான்சிஷன்' (இடமாற்றத்தை உணர்த்துதல்) பக்கம். வரப்போவதைச் சொல்வது, புதுப்பொருளைத் தொடங்குவது, விட்டுப்போன பொருளை மீண்டும் எடுப்பது, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டுவது, தாண்டும்போதே முரணைக் காட்டுவது, பகுதியைச் சுருக்கி முடிப்பது என்று, செய்ய வேண்டிய வேலையை வைத்துத் தொடர்களைப் பிரித்திருக்கிறார்கள். அகர வரிசைப் பட்டியலாக இருந்திருந்தால் இதில் பாதிப் பயன்கூட இருக்காது.

இரவல் சொற்கள் திருட்டாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பெரும்பாலானவை எந்தப் பொருளுக்கும் பொருந்தும் பொதுச் சட்டகங்கள். அவற்றை எடுப்பதில் பிறர் கருத்து எதுவும் கூட வருவதில்லை.

குறை அந்தப் பொதுத்தன்மையில்தான் இருக்கிறது. சட்டகத்துக்குள் எழுதுபவர் எதை நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தே வாசகருக்கு வழி தெரியும். "இந்தப் பகுதியில் முந்தைய ஆய்வுகள் விவாதிக்கப்படும்" என்பதை எந்தத் துறையின் எந்த ஆய்வேட்டிலும் ஒட்டலாம். ஆகவே அது எதையும் சொல்லவில்லை. "முந்தைய ஆய்வுகள் தூக்கத்தின் நேரத்தை அளந்தன, தரத்தை அளக்கவில்லை என்பதை இந்தப் பகுதியில் காட்டுகிறேன்" என்றால் வாசகர் எதைத் தேடிப் படிக்க வேண்டுமென்று தெரிந்துகொள்கிறார். முதல் வாக்கியத்தில் இருப்பது தலைப்பு, இரண்டாவதில் இருப்பது வாதம். இந்த வேறுபாட்டைக் களஞ்சியம் கற்றுத் தராது, காலியிடத்தோடு நின்றுவிடும்.

எங்கே, எவ்வளவு என்பதும் அதில் இல்லை. 8,000 சொல் அத்தியாயத்துக்குத் தொடக்கத்தில் 120 முதல் 150 சொல் வரை முன்னோட்டம் போதும். பெரும்பகுதி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வாக்கியம், இரு பகுதிகள் சேரும் இடத்தில் அதிகம் போனால் இரண்டு. 400 சொல்லுக்குக் குறைந்த உட்பகுதிக்கு முன்னோட்டம் எழுதுவது, இரண்டு அறை வீட்டுக்கு வரைபடம் கொடுப்பது போல. பத்திக்குப் பத்தி "அடுத்ததாக", "மேலும்" என்று வைப்பவர்களுக்கு இந்தக் களஞ்சியம் இன்னும் அதிக வெடிமருந்தைத்தான் கொடுக்கும். "மேலும்" இன்னொன்று வருகிறது என்று மட்டும் சொல்கிறது. முன்னதோடு அதற்கு என்ன உறவு என்று சொல்வதில்லை. அங்கே காரணமோ முரணோ இருந்தால் அதையே எழுதிவிடலாம்.

பயன்படுத்தும் ஒழுங்கு முக்கியம். முதல் வரைவை இதைத் திறக்காமலே எழுதி முடியுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் என்ன உறவு என்று உங்கள் சொல்லில் ஒரு வரி குறித்துக்கொண்டு, அந்த உறவுக்கான தொடரைத் தேடுங்கள். முன்னோட்டப் பத்தியைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே எழுதினால், திருத்தத்தில் பகுதிகள் இடம் மாறிய பிறகு அது கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். முடிந்ததும் வழிகாட்டி வாக்கியங்களை மட்டும் தனிக் கோப்பில் நகலெடுத்து வரிசையாகப் படியுங்கள். அத்தியாயத்தின் வாதம் அதிலேயே புரிய வேண்டும். வேறொருவர் ஆய்வேட்டுக்கும் பொருந்தும் வரி தென்பட்டால், நிரப்புங்கள் அல்லது நீக்குங்கள்.

"மேலே சொன்னதுபோல்" என்ற வகைத் தொடர்கள் ஆபத்தானவை. பகுதி நகர்ந்தால் மேலே கீழேயாகிவிடும். பகுதி எண்ணைச் சுட்டுவதே நல்லது, அதையும் கையால் தட்டாமல் வேர்டின் கிராஸ் ரெஃபரன்ஸ் (குறுக்குச் சுட்டு) வசதியால் இடுங்கள். கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்புக்குள் இருப்பவை இதில் சேராது, அங்கே தனியாகச் செய்ய வேண்டும். லாடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் இணைப்பு அறுந்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். சமர்ப்பிக்கும் முன் அவற்றைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் இந்தச் சட்டகங்களை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். "இந்த அத்தியாயம் ஆராய்கிறது, வாதிடுகிறது" என்று அத்தியாயத்தையே ஆளாக்குவதைவிட "இந்த அத்தியாயத்தில் ஆராய்கிறோம்" என்பது நம் காதுக்கு இயல்பு. ஐந்து பகுதிகளை ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் வினைமுற்று வந்து சேர்வதற்குள் முதல் பகுதி மறந்துபோகும். இரண்டு மூன்றாக உடையுங்கள். செயல்வாரியான பிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பிரிப்பும் நமக்குப் புதிதல்ல: நன்னூல் அடுக்கும் 32 உத்திகளில் நுதலிப் புகுதல் (சொல்லப்போவதைச் சொல்லித் தொடங்குதல்), தொகுத்துச் சுட்டல் (சுருக்கிக் காட்டுதல்), 'உரைத்தும்' என்றல் (பின்னர் சொல்வோம் என்பது), 'உரைத்தாம்' என்றல் (முன்பே சொன்னோம் என்பது) எல்லாம் இதே வேலைக்கானவை.

ஆங்கிலத்தில் முதல் ஆய்வேடு எழுதுபவருக்கு இலவசப் பக்கங்களே தாராளம். ஏற்கெனவே சரளமாக எழுதுபவருக்கு, ஒரே தொடர் பத்தாவது முறையாக வரும்போது மாற்று தேட மட்டும் இது பயன்படும்.