கோப்பில் இல்லாத கேள்வி: வெளிநாட்டுத் தத்தெடுப்பு முகமை ஒன்றின் சேவை குறித்து

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, பதினான்கு ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழும் நானும் என் கணவரும், அங்குள்ள அங்கீகாரம் பெற்ற முகமை ஒன்றின் வழியாக இந்தியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். அந்த முகமையின் பணியை, குறிப்பாகக் குழந்தையின் விவரம் எங்கள் கைக்கு வந்த நாட்களை, இதே வழியில் வர நினைக்கும் நம்மூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

குழந்தையைத் தேர்ந்தெடுப்பது முகமை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகமையின் சமூகப் பணியாளர் நம் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதிப் பதிவேற்றுவார்; வரிசை மூப்பின்படி குழந்தையைக் காட்டுவது காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பதிவு. வெளிநாடு வாழ் இந்தியரும் அந்த வரிசையில் உள்நாட்டில் வாழ்வோருக்குச் சமமாகவே நிற்கிறார்கள். ஆகவே, சீக்கிரம் முடித்துத் தருவதாக ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஊரில் எங்களுக்கே அப்படி ஒரு யோசனை சொல்லப்பட்டது. மருத்துவமனையிலேயே பேசி வாங்கிவிடலாம் என்றார்கள். குழந்தையை வாங்குவதும் விற்பதும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, பெற்றவள் மனமறிந்து கொடுத்தாளா என்றே தெரியாத ஒரு பிள்ளையை எந்த மனதோடு மடியில் வைத்துக்கொள்வது?

எங்கள் முகமையின் பெரும் சிறப்பு ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 87 வந்தது. 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு 90 வரை போகலாம். கைக்குழந்தையை எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்தப் பணியாளர் முதல் நாளே சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று அந்தப் பேச்சுக்காகவே அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மூன்றரை ஆண்டு காத்திருந்த பிறகு, மகாராஷ்டிரத்தில் ஓர் இல்லத்தில் வளரும் மூன்று வயதுக் குழந்தையின் விவரம் வந்தது. உள்நாட்டில் வாழ்வோருக்கு 48 மணி நேரம். எங்களைப் போன்றோருக்கு 96 மணி நேரம். அதற்குள் குழந்தையை நமக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவ அறிக்கையில் இதயத்தில் சிறு துளை என்று ஒரு வரி இருந்தது. முகமை அதை மழுப்பவில்லை. குழந்தை மருத்துவர் ஒருவரை அன்றிரவே பேச வைத்தது. அவர் எக்கோ அறிக்கையை வரிவரியாக விளக்கினார். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏட்டி, படத்த அனுப்பு, பார்ப்போம்" என்றார் அம்மா.

"வெளிய யாருக்கும் அனுப்பக் கூடாதும்மா."

"சரி, வேண்டாம். புள்ள யாரு பக்கத்துல படுத்துத் தூங்குதுன்னு கேளு."

பக்கம் பக்கமாக இருந்த கோப்பில் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இருந்தன. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. என் குறை இங்கேதான். குழந்தையை ஒதுக்கிக்கொண்ட பின், ஏற்புக் கையெழுத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் நாங்கள் அனுப்பிய இந்த ஒரு கேள்வியை இல்லத்துக்குக் கொண்டுசேர்த்துப் பதில் வாங்க முகமைக்குப் பதினொரு நாள் ஆயிற்று. சட்டத் தாள்களில் காட்டிய வேகத்தில் பாதியையாவது இதில் காட்டியிருக்கலாம். வந்த பதில் ஒரே வரி: இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் வளர்ப்பு அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அழைத்துவரப் போனபோது அந்தப் பழைய சேலையைக் கேட்டோம். அந்த அம்மா மடித்து என் கையில் கொடுத்தார்; கரையில் ஒரு மூலை மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை ஆகியவற்றில் முகமை ஒரு தாளைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கான தொடர் அறிக்கைகளையும் நினைவூட்டி எழுதி வருகிறது. இந்த முகமையிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் போகச் சொல்வேன். தூக்கம், உணவு, மொழி பற்றிய கேள்விகளை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள் என்றும் சொல்வேன்.

மொழியைப் பற்றி நாங்கள் கேட்க மறந்துவிட்டோம். பாஸ்போர்ட்டுக்காகப் பாளையங்கோட்டையில் தங்கியிருந்தபோது, முதல் நாள் காலையில் குழந்தை அடுக்களை வாசலில் நின்று "பாணி" என்றாள். கருப்பட்டிப் பாணி கேட்கிறாள் என்று எண்ணிய அம்மா, அடுப்பை மூட்டிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் காய்ச்சத் தொடங்கிவிட்டார். மராத்தியில் அது தண்ணீர். நாங்கள் புரிந்துகொண்டு தம்ளரை நீட்டியபோது முழுவதையும் குடித்துவிட்டு, ஆச்சி ஆறவைத்திருந்த பாகில் விரலை வைத்தாள்.