சிமெண்ட் தரையா, மரத்தூள் மெத்தையா, நகர்ற வேலியா? தோட்டம் வச்சிருக்கவங்க பன்னிய எப்படி வளர்க்கலாம்

வீட்டுக்குப் பின்னாடி காய்கறி போட்டிருக்கவங்க ரெண்டு பன்னிக்குட்டி வாங்கலாம்னு நினைச்சதும் எந்த ரகம் நல்லது, தீனி எவ்வளவு ஆகும்னுதான் முதல்ல கேப்பாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, எரு எங்க போகப்போகுது? வளர்ற பன்னி சாணியும் மூத்திரமும் சேர்த்து தினம் தன் எடையில சுமார் 5, 6 சதவீதம் போடும், 60 கிலோ பன்னின்னா மூணு மூணரை கிலோ, ரெண்டுக்கும் சேர்த்து தினம் ஒரு வாளி. ரெண்டு ஏன்னா பன்னி கூட்டமா வாழ்ற ஜீவன், ஒத்தையா வச்சா சரியா தின்னாது, ஏங்கிப்போகும். அந்த ஒரு வாளி பாத்திக்கு உரமா போகுதா இல்ல தலைவலியா மாறுதாங்கறத தீர்மானிக்கிறது கொட்டிலோட தரைதான்.

சிமெண்ட் தரைய சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். கழுவ லேசு, பாக்க சுத்தம், பயோகேஸ் தொட்டி வச்சிருக்கவங்களுக்கு இதைவிட பொருத்தமானது இல்ல. தொட்டி இல்லாதவங்களுக்கு நான் சொல்லமாட்டேன். பன்னி எருவுல இருக்க பொட்டாசியத்துல பெரும்பங்கும் நைட்ரஜன்ல பாதிக்கு மேலயும் மூத்திரத்துலதான் இருக்கு, நீங்க ஹோஸ் புடிச்சு கழுவுறப்ப முதல்ல ஓடிப்போறது அதுதான், செடிக்கு வேண்டியது சாக்கடைக்குப் போயிடும். சரி அந்தத் தண்ணிய அப்படியே கீரைப் பாத்திக்கு திருப்பி விடலாமேன்னா கூடவே கூடாது, பன்னி குடல்ல இருக்க உருண்டைப்புழுவோட முட்டை மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். அதுவும் இல்லாம வெறும் சிமெண்ட்ல மூக்கால கிளற எதுவுமே இல்ல, சும்மா நிக்கிற பன்னி பக்கத்துல இருக்கறதோட வாலக் கடிக்க ஆரம்பிக்கும்.

மெத்தை முறைதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. மரத்தூள், இழைச்ச சீவல், வைக்கோல் இதையெல்லாம் ரெண்டுல இருந்து மூணு அடி ஆழத்துக்கு நிரப்பி அது மேலயே பன்னிய விடுறது. தூள்ல கார்பன் ரொம்ப அதிகம், சாணியில நைட்ரஜன் அதிகம், ரெண்டும் கலந்து காத்தும் கிடைச்சா நுண்ணுயிர் வேலைய ஆரம்பிச்சிடும், கிளறி விடுற வேலையில பாதிய பன்னியே மூக்கால பண்ணிடும். விடிகாலையில முள்கரண்டி போட்டு ஒரு புரட்டு புரட்டுனா உள்ள இருந்து ஆவி வரும், அது வந்தா மெத்தை உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஈரம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு கைப்பிடி அள்ளி பிழிஞ்சு பாருங்க, உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. நாத்தத்த நின்னுக்கிட்டு மோந்து பாக்காதீங்க, குந்தி உக்காந்து பன்னி மூக்கு இருக்க உயரத்துல மோந்து பாருங்க. அங்க கண்ணு எரிஞ்சா நாள் முழுக்க அது சுவாசிக்கிறது அமோனியாதான், உடனே காய்ஞ்ச தூள் போடுங்க.

நான் முதல் தடவ பண்ண தப்பு, குடிக்கிற நிப்பிள, அதாவது பன்னி வாயால அமுக்குனா தண்ணி வர்ற குழாய் முனைய, மெத்தைக்கு மேலயே மாட்டுனேன். பன்னி குடிக்கிறதுல பாதி கீழ சிந்தும், பத்து நாள்ல அந்தப் பக்கம் முழுக்க சேறாகி, காத்து போகாம அழுகி, குட்டி ரெண்டும் இருமுச்சு. அள்ளி வெளிய கொட்டுனதுல ஒரு முழு நாள் போச்சு, குட்டிங்க இருமுறத கேட்டுக்கிட்டே அள்ளுனது இன்னும் மறக்கல. இப்ப கொட்டில்ல மூணுல ஒரு பங்கு சிமெண்ட் மேடை, தண்ணியும் தீனியும் அங்க, மிச்சம் மெத்தை. இந்த மேடை வெயில் காலத்துக்கும் கட்டாயம் வேணும், ஏன்னா மெத்தை உள்ளுக்குள்ள சூடாகும், பன்னிக்கு வேர்வை வந்து உடம்பு குளிர்ற வசதி கிடையாது, படுக்க குளிர்ந்த இடம் இல்லன்னா மூச்சு வாங்கியே துவண்டுடும். இன்னொண்ணு, தூள் வாங்குறப்ப மருந்து அடிச்ச மரம், பெயிண்ட் அடிச்ச மரம் கலந்திருக்கான்னு கேட்டு வாங்குங்க, அது கடைசியில உங்க பாத்திக்குத்தான் வரும்.

மூணாவது நகர்ற வேலி. மின்வேலிக் கம்பி (சுரீர்னு அதிர்ச்சி மட்டும் கொடுக்கிறது, வீட்டுக் கரண்ட நேரா இழுக்கறது இல்ல) ரெண்டு வரிசை, கீழது தரையில இருந்து ஒரு சாண் உயரத்துக்குள்ள, மேலது முழங்கால் உயரம், அதுக்குள்ள பன்னிய விட்டு காலியான பாத்திய உழ வைக்கிறது. கோரைக்கிழங்கு பரவுன நிலத்துக்கு இது மாதிரி ஒரு வேலையாள் கிடைக்கவே கிடைக்காது, மம்பட்டி போட்டா கிழங்கு அறுந்து இன்னும் நாலா முளைக்கும், பன்னி ஒவ்வொண்ணா தோண்டி தின்னுடும். ஆனா ஈர மண்ணுல விட்டா மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கிடும், அப்புறம் வேரே இறங்காது. ஒரே இடத்துல ரொம்ப நாள் விட்டாலும் அதே கதைதான், பாதி கிளறுனதும் நகர்த்திடணும். கம்பிய பழக்காம நேரா தோட்டத்துல விட்டா ஒரே ராத்திரியில மொத்த காயும் போயிடும், அதனால முதல் ஒரு வாரம் கெட்டியான வேலி உள்ள சின்ன இடத்துல கம்பிய கட்டி மூக்குல ஒரு தடவ பட விடுங்க. பச்சை எரு நேரா மண்ணுல விழுதுங்கறதையும் கணக்குல வச்சுக்கணும், அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி மண்ணத் தொடுற காய், கீரை, கிழங்குன்னா எரு போட்டதுல இருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேணும், மண்ணத் தொடாததுக்கு 90 நாள். இடம் நிறைய இருக்கவங்களால அவ்வளவு நாள் பாத்திய விட்டு வைக்க முடியும், நாலு பாத்தி மட்டும் வச்சிருக்கவங்களால எப்படி முடியும்?

எந்த முறையா இருந்தாலும் தோட்டத்துக் கழிவ மட்டும் போட்டு பன்னி வளர்த்துடலாம்னு கணக்கு போடாதீங்க. ஒரு கிலோ எடை ஏற சுமார் மூணு கிலோ நல்ல தீனி வேணும், கீரைத்தண்டுல பத்துல ஒம்பது பங்கு தண்ணி, வயிறு நிறையும் எடை ஏறாது. கிழங்கு, பீன்ஸ் கொட்டை எல்லாம் வேகவச்சு போடுங்க, பச்சை ஏறுன உருளைக்கிழங்க எந்த வடிவத்துலயும் போடவேண்டாம். கறி பட்ட மிச்சச் சாப்பாடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 1921ல கென்யாவுல முதல்ல பதிவான ஆப்பிரிக்க பன்றிக்காய்ச்சல் இப்ப கண்டம் தாண்டி பரவுறதுக்கு பன்றிக்கறியில அந்த வைரஸ் மாசக்கணக்குல தாக்குப்பிடிக்கிறது ஒரு பெரிய காரணம், வந்துட்டா குணமாக்க மருந்து இல்ல. மனுஷனுக்கு தொத்தாது, ஆனா கொட்டில்ல ஒண்ணும் மிஞ்சாது.

சின்ன தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு நான் மெத்தைதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோட. கொட்டில்ல இருந்து அள்ளுனத அன்னிக்கே பாத்தியில போடாதீங்க, பாதி மக்குன தூள் மண்ணுல இருக்க நைட்ரஜன இழுத்துக்கும், இலையெல்லாம் மஞ்சளாகிடும். மூணடிக்கு மூணடிக்கு குறையாம குமிச்சு வச்சு, உள்ள 55 டிகிரி சூட்டுல 15 நாள் நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவ புரட்டணும், அப்பதான் புழு முட்டை சாகும், அதுக்கப்புறமும் ஒரு மூணு மாசம் ஆறப்போடுங்க. ரெண்டு மாசக் குட்டி உள்ள வந்து 100 கிலோ தொட நாலு மாசம் ஆகும், குமி ஆற இன்னொரு நாலு மாசம், அதனால எந்த மாசம் பாத்தி போடப்போறீங்களோ அங்க இருந்து எட்டு மாசம் பின்னாடி எண்ணி குட்டி வாங்குங்க.