ஸ்கூட்டியில் பிள்ளையைக் கட்டும் பெல்ட்: இரண்டு மாதம் பாவித்த பிறகு

ஒரு பாண் கடை வாசலில் நடந்த விசயத்தால்தான் இந்த பெல்ட்டை வாங்கினேன். அதுவரை மகன் ஸ்கூட்டியின் முன்தட்டில் நின்றுதான் வருவான், மட்டக்களப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். அன்று பின்னேரம் எஞ்சினை நிறுத்தாமல், இறங்காமலே "அண்ணா, ஒரு ரோஸ் பாண்" என்று காசை நீட்டினேன், அந்த நேரம் பார்த்து அவன் அக்சிலேட்டரைத் திருகிவிட்டான். மற்றக் கை பிரேக்கில் இருந்தபடியால் முன்னால் நின்ற சைக்கிளில் மெல்ல முட்டியதோடு சரி. அவனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். சிரிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமையே காத்தான்குடிக்குப் போய் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் ஊர் இல்லாத சாமான். எனக்கு இடுப்பில் ஒரு பட்டி, தோளில் இரண்டு, அவனுக்குச் சட்டை மாதிரி ஒன்று. அவன் பின்னால் இருப்பான், என் முதுகோடு ஒட்டி. பெரிய கிளிப் என் வயிற்றுப் பக்கம் என்பதால் அவனுக்கு எட்டாது. ஆனால் அது பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது கேட்காமல் வண்டியை எடுக்க விடமாட்டான். கேட்கவில்லை என்றால் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டும்.

வேலை முடிந்து நாவற்குடாவில் அம்மா வீட்டில் இருந்து அவனை ஏற்றுவேன். பிறகு பாமசி, மீன், பால்மா, சில நாள் கல்லடிப் பாலம் தாண்டி டவுனில் தையல்காரி வீடு. இவ்வளவுக்கும் பெல்ட் நல்ல உதவி. இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கும், அவன் திடீரென்று பக்கவாட்டில் சரியமாட்டான். 2013 இல் திறந்த புதுப் பாலத்தில் பஸ்காரர்கள் உரசிக்கொண்டு போகும்போது முன்பு எனக்கு உயிர் போய் வரும், இப்போது அவ்வளவு இல்லை. இந்தப் பாலத்தடியில் மீன் பாடும் என்ற கதையை யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், பாலத்தில் ஏறினதும் முதுகுக்குப் பின்னால் இருந்து "உஸ்ஸ், மீன்" என்று எனக்கு உத்தரவு வரும். முதல் நாள் தையல்காரி வீட்டுக் கிழவி, "என்ன புள்ள, கண்டுக்குட்டியக் கட்டின மாதிரிக் கட்டி வெச்சிரிக்கா?" என்று கேட்டா. பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

சரி, இனிக் குறைகள். பெல்ட் உடம்பைத்தான் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. ஆறே காலுக்கு வீடு திரும்பும்போது இவன் நித்திரையாகிவிட்டால் தலை ஒரு பக்கம் தொங்கும், ஹெல்மெட் பாரம் வேறு. இரண்டு தரம் ரோட்டோரம் நிறுத்தி, மடியில் கிடத்தி, தம்பியை வரச்சொல்லிக் காத்திருந்திருக்கிறேன். இறங்குவதும் இலேசில்லை. அவனைக் கட்டியபடி இறங்க ஏலாது. வண்டியை நிறுத்தி, சைட் ஸ்டாண்ட் போட்டு, இருந்தபடியே கிளிப்பைக் கழற்றி, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக இறக்க வேண்டும். வலப்பக்கம் சைலன்சர், கால் பட்டால் பொசுங்கிவிடும். நீளக் காற்சட்டை போட்டுத்தான் ஏற்றுகிறேன். 2025 நவம்பரில் இருந்து கடைகளில் சொப்பிங் பேக் சும்மா தருவதில்லை என்பதால் துணிப்பையும் கொக்கியில் தொங்கும், அது முழங்காலில் இடிக்கும், இதெல்லாம் ஒரே நேரத்தில்.

இன்னொன்று, தோள்பட்டி தானாக இளகுகிறது. காலையில் இறுக்கினால் பின்னேரம் இரண்டு விரல் போகும். கடையில் கொண்டுபோய்க் காட்டினேன், "அது அப்படித்தான் தங்கச்சி" என்றார்கள். கடைசியில் தையல்காரிதான் அளவு பார்த்து மடித்து இரட்டைத் தையல் போட்டுத் தந்தா, காசு வாங்கவில்லை. மாரியில் நனைந்தால் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் காய இரண்டு நாள் பிடிக்கிறது, இப்போது ரெயின்கோட்டை இருவருக்கும் சேர்த்து மேலே போடுகிறேன்.

பெட்டியில் நூறு வீதம் பாதுகாப்பு என்று அடித்திருக்கிறார்கள். பொய். வண்டி விழுந்தால் அவனும் என்னோடுதான் விழுவான், அதனால் சின்ன ஹெல்மெட் கட்டாயம், வேகமும் முப்பதைத் தாண்டுவதில்லை. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்கு, பிள்ளை முழிப்பாக இருக்கும் நேரத்துக்கு வாங்கலாம், வாங்கின அன்றே ஒரு தையல் போடுங்கள். நித்திரை நேரத்தில் போக வேண்டி வந்தால் ஓட்டோவைப் பிடியுங்கள், நான் இப்போது அதற்கென்று பேர்ஸில் தனியாகக் காசு வைத்திருக்கிறேன்.