கிராமச் சாலையில் இரட்டை டேஷ் கேமரா: பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

ஒரு லாரிக்குச் சரியாக இருந்து இரண்டு கார்களுக்குப் போதாத அகலம், தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாதபடி இரு பக்கமும் புதர். இப்படிப்பட்ட கிராமச் சாலையை அன்றாடம் பயன்படுத்துபவர் டேஷ் கேமரா, அதாவது ஓடும் காரிலிருந்து சாலையைத் தொடர்ந்து படம்பிடிக்கும் சிறு கேமரா, வாங்கும் காரணம் வேறு, நகரத்தில் ஓட்டுபவர் வாங்கும் காரணம் வேறு. நகரத்தில் ஓர் உரசல் நடந்தால் பார்த்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஏதாவது ஒரு கட்டடத்தின் சிசிடிவியிலும் பதிவாகியிருக்கும். இங்கே எதிரே வருபவர் நடுச்சாலையை விட்டு விலகாமல் வந்து உங்களைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுப் போனாலும், அப்படி நடந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் முன்னும் பின்னும் லென்ஸ் உள்ள இரட்டைக் கேமராவை என் காரில் பொருத்தினேன். பெரும்பாலான மதிப்புரைகள் நெடுஞ்சாலையையும் நகரத்தையும் மனத்தில் வைத்தே எழுதப்படுவதால், குறுகிய சாலையில் இது எதற்கு உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது மிக நன்றாகச் செய்யும் வேலை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து நிற்கும்போது யார் முதலில் நின்றார், யார் ஒதுங்க இடம் இருந்தும் ஒதுங்காமல் வந்தார் என்பதை, எந்த விவாதத்துக்கும் இடமில்லாதபடி இது காட்டிவிடுகிறது. ஒரு பதிவைச் சொல்கிறேன். சாலை நேராக இருக்கும் ஓர் இடத்தில் எதிரே ஒரு கார் வருகிறது. அதற்குச் சற்று முன்னால் சாலை அகன்று, ஒரு வண்டி தாராளமாக ஒதுங்கி நிற்கக்கூடிய இடம் இருக்கிறது. என் பக்கம் அப்படி எதுவும் இல்லை என்பதால் நான் நின்றுவிட்டேன். திரையின் அடியில் ஜிபிஎஸ் காட்டும் வேகம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கார் ஒதுங்கும் இடத்தைக் கடக்கிறது, இரண்டு முறை ஹெட்லைட்டை அடிக்கிறது, வேகத்தைக் குறைக்காமல் வந்து என் பம்பருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, பின்னால் போ என்று புறங்கையால் காட்டுகிறார். எனக்குப் பின்னால் ஒரு வளைவு, அதற்குள் ஒரு சிறுபாலம், அதன் மேல் ஒரு பைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். பின் லென்ஸில் அவ்வளவும் தெரிகிறது. எதிரே வந்த கார்க்காரர் ரிவர்ஸ் எடுத்திருந்தால் சில நொடிகளில் முடிந்திருக்கும். நான்தான் எடுத்தேன். கடந்து போகும்போது நன்றிக்கு ஒரு விரலைக்கூட அவர் தூக்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் யார் பின்வாங்க வேண்டும் என்பது அவரவர் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட, 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே பேசுகிறது. எதிரே வருபவருக்குப் போதிய பக்கவாட்டு இடம் விட வேண்டும். தன் பக்கம் தடை இருந்தால் வேகம் குறைத்து, தேவைப்பட்டால் நின்று, அவரைப் போகவிட வேண்டும். மலைச் சாலையிலும் செங்குத்தான சாலையிலும் இறங்கும் வண்டி ஓரம் கட்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அங்கே ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்றால் கனரக வாகனத்துக்கு இலகு வாகனமும், பேருந்துக்கு லாரியும் பின்வாங்க வேண்டும். இரண்டும் ஒரே வகை என்றால் இறங்குபவர் எடுக்க வேண்டும், ஆனால் ஏறுபவருக்கு அது வெளிப்படையாகவே எளிது என்றால், உதாரணமாக ஒதுங்கும் இடம் அவருக்கு அருகில் இருந்தால், அவர்தான் எடுக்க வேண்டும். யாருக்கு எளிதோ அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் உள்ளிருக்கும் நியாயம், சமதளச் சாலைக்கும் அது பொருந்தும். கேமராவின் பதிவில் ஒதுங்கும் இடமும் தூரமும் சேர்ந்தே இருப்பதால், இந்த நியாயத்தைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்ட முடிகிறது.

பின் கேமராவைப் பற்றி நான் வாங்கும்போது பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அதுதான் முக்கியம் என்று சொல்வேன். குறுகிய சாலையில் அடக்கத்தோடு ஓட்டுபவருக்குக் கிடைக்கும் பெரிய தொல்லை பின்னாலிருந்துதான் வருகிறது. வளைவுக்கு முன் நீங்கள் வேகம் குறைப்பது பின்னால் வருபவருக்குப் பொறுக்காது. அவர் ஒட்டிக்கொண்டு வருவார், ஹாரனை விடாமல் அழுத்துவார், கடைசியில் எதிரே எதுவும் தெரியாத இடத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி, புழுதியும் கல்லும் பறக்க ஓவர்டேக் செய்வார். எவ்வளவு ஒட்டி வந்தார் என்பதைப் பின் கேமராவில் மீட்டர் கணக்கில் அளக்க முடியாது என்றாலும் ஓர் எளிய அடையாளம் உண்டு: பின்னால் வரும் காரின் ஹெட்லைட்டுகள் நம் பின்கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு அடியில் மறைந்துவிட்டால், அவர் மிக அருகில் இருக்கிறார் என்று பொருள். என் பதிவுகளில் இப்படி மறைந்த ஹெட்லைட்டுகள் சலிப்பூட்டும் அளவுக்கு இருக்கின்றன. மைக்கை அணைக்காமல் வைத்திருந்தால் ஹாரன் எவ்வளவு நேரம் ஒலித்தது என்பதும் பதிவாகும். வண்டியில் உடன் வருபவர்களிடம் ஒலி பதிவாகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

இனி இந்தக் கருவியின் பெரிய குறை. என்னை அதிகம் வருத்தியதும் இதுதான். அகன்ற பார்வை வேண்டும் என்பதற்காக இந்த வகைக் கேமராக்களில் 140 டிகிரியை ஒட்டிய லென்ஸ் வைக்கிறார்கள். அகன்ற லென்ஸ் எதையும் சிறிதாக்கித் தள்ளிக் காட்டும். பக்கக் கண்ணாடிகள் உரசாமல் தப்பியதே அதிர்ஷ்டம் என்று நெஞ்சு படபடக்க ஓரத்தில் நிறுத்திய ஒரு நிகழ்வை வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது, இரண்டு வண்டிகளுக்கும் இடையே தாராளமாக இடம் இருந்தது போலவே தெரிந்தது. பார்த்தவர்கள் “இதற்கா இவ்வளவு பயந்தாய்?” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, படம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவை யாரிடமாவது காட்ட நேர்ந்தால், இடைவெளியைத் திரையில் கண்ணால் அளக்க வேண்டாம் என்று சொல்லி, சாலையின் அகலம், தார் விளிம்பு, வண்டிச் சக்கரம் எங்கே ஓடுகிறது என்பவற்றைக் கொண்டு விளக்க வேண்டும். வாங்குபவர்கள் அதிகப் பார்வைக் கோணம் உள்ளதே சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். குறுகிய சாலையில் பக்கவாட்டுப் புதரைப் படம் பிடிப்பதில் பயனில்லை. கோணம் சற்றுக் குறைந்தாலும் எதிரே இருப்பது பெரிதாகவும் தெளிவாகவும் விழுவதே நல்லது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். தெருவிளக்கு இல்லாத சாலையில் ஹை பீமைக் குறைக்காமல் வரும் ஒருவரால் நம் கண்ணுக்கு என்ன ஆகிறதோ அதேதான் லென்ஸுக்கும் ஆகிறது. படம் முழுவதும் வெண்மையாகி, நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஒளிக்கட்டி மட்டும் மிஞ்சுகிறது. எதிர் வண்டியை நெருங்கும்போது ஹை பீமை அணைக்க வேண்டும் என்று அதே வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. விளக்கைக் குறைக்க ஒரு விரல் அசைவு போதும், அதைக்கூடச் செய்யாதவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. பகலிலும் நம்பர் பிளேட் எப்போதும் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இரண்டு வண்டிகளும் மணிக்கு 40 கிலோமீட்டரில் எதிரெதிரே வந்தால், நொடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே அவை முக்கால் மீட்டர் நெருங்கிவிடும். எண் தெளிவாகத் தெரியும் ஃபிரேம்கள் சிலவே கிடைக்கும். 60 ஃபிரேம் வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். நானோ எண்ணைப் பார்த்தவுடன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மைக் அதைப் பதிந்துகொள்கிறது.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிர்வை உணரும் ஜி-சென்சார் மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் விபத்து என்று எடுத்துக்கொண்டு அந்தப் பதிவை அழியாதபடி பூட்டிவிடும், கிராமச் சாலையில் மெமரி கார்டு இப்படியே நிரம்பும். உணர்திறனை மிகக் குறைவாக வைத்து, வேண்டியதை நாமே பூட்டிக்கொள்வது நல்லது. அதற்கு பட்டனைத் தேட வேண்டியிராமல் குரலால் கட்டளையிட முடிகிற மாடலாகப் பாருங்கள். இரண்டு லென்ஸும் சேர்ந்து நிமிடத்துக்கு 180 எம்பி அளவில் எழுதினால் 64 ஜிபி கார்டு ஆறு மணி நேரத்துக்குள் சுழன்று பழைய பதிவு அழிந்துவிடும், எனவே ஏதாவது நடந்த அன்றே பிரதி எடுத்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால் லித்தியம் பேட்டரிக்குப் பதிலாக, வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற மின்சேமிப்புப் பாகம் உள்ளதே நீடிக்கும்.

கார் ஓட்டுபவர்களின் மனத்தாங்கலைத் தாண்டிய ஒன்றும் என் பதிவுகளில் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு முதியவர் சைக்கிளில் போகிறார். எதிரே வந்த வேன் வேகத்தைக் குறைக்கவில்லை, அவர் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கினார். அந்த விளிம்பு ஒரு சாண் உயரம். திரும்ப ஏறப் பார்த்தபோது முன்சக்கரம் விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு ஓடியது. ஏறவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் அவர் ஒரு காலை ஊன்றி, சைக்கிளோடு சாய்ந்து நின்றார். வேன் அதற்குள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. அந்த ஓட்டுநர் தன் கண்ணாடியில் பின்னால் பார்த்திருப்பாரா என்று தெரியாது. சைக்கிளும் பைக்கும் தார் விளிம்பிலிருந்து இறங்குவது எளிது, ஓடும்போதே சாய்வாகத் திரும்ப ஏறுவதுதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அப்படி இறக்கிவிடும் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட வேண்டிய விஷயம்.

வேகத்தைப் பற்றியும் இந்தப் பதிவுகள் நிறையச் சொல்கின்றன. காய்ந்த தார்ச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தாலும், நிற்க 35 மீட்டருக்கு மேல் எடுக்கும். இருவர் அந்த வேகத்தில் எதிரெதிரே வந்தால் 70 மீட்டருக்கு மேல் வேண்டும். புதர் மூடிய வளைவில் அவ்வளவு தூரம் எங்கே தெரிகிறது? 40 கிலோமீட்டரில் ஒருவருக்கு 20 மீட்டர், இருவருக்கும் சேர்த்து 40 மீட்டர் போதும். அதனால்தான் இருவர் கடக்க முடியாத சாலையில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகமே சரியான வேகம், மீதிப் பாதி எதிரே வருபவருக்கு வேண்டும். ஹாரன் அடித்துவிட்டால் அந்தப் பாதியும் தனக்கே என்று எண்ணுபவர்கள்தான் இந்தச் சாலைகளைப் பயமுள்ள இடமாக்கிவிட்டார்கள்.

பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. வேல்ஸில் பொதுமக்கள் அனுப்பும் டேஷ் கேமரா பதிவுகளைக் காவல்துறையே பெற்று நடவடிக்கை எடுக்கும் ‘ஆபரேஷன் ஸ்னாப்’ திட்டம் இருக்கிறது. ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 மே மாதத்தில், தொடர்ந்து பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணாக இருந்தாலும், விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரியாவோ டேஷ் கேமரா பயன்படுத்துவதிலேயே மிகக் கண்டிப்பான நாடு. ஆகவே பொருத்துவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பதிவை சமூக வலைத்தளத்தில் போட்டு ஒருவரை ஊரறிய அவமானப்படுத்துவதைவிட உரிய இடத்தில் கொடுப்பதே பயன் தரும்.

இந்தக் கேமராவைப் பார்த்து யாரும் வழிவிட்டதில்லை, ஹை பீமைக் குறைத்ததில்லை. அதை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். உங்கள் மேல் தவறு இல்லை என்று நிறுவ வேண்டிய நாள் வந்தால் கைகொடுக்கும் என்ற அளவில் இது கொடுத்த காசுக்குத் தகுதியானது. முன் லென்ஸ் மட்டும் உள்ளதை வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். பின் லென்ஸுக்கான வயரை மேற்கூரை விளிம்புக்குள் செருகிக் கொண்டுபோகப் பொறுமை வேண்டும், அதற்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள். பின்கண்ணாடியின் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் லென்ஸ் வரும்படி ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் மழையின் சேறு தெறித்த பிறகு அதில் ஒன்றும் தெரியாது.