இடது கண்ணில் நீர்: 2012 ஸ்விஃப்ட்டில் புரொஜெக்டர் போட்டு மூன்று ஐப்பசி

போன வாரம் மச்சினன் போன் பண்ணினான். அவனிடமும் என்னுடையதைப் போலவே 2012 ஸ்விஃப்ட் விடிஐ. "மாமா, உங்க வண்டி மாதிரியே புது பம்பர், புரொஜெக்டர் எல்லாம் போட்டுரலாமா? எவ்வளவு ஆகும்?" புரொஜெக்டர் என்றால் ஹெட்லைட்டுக்குள் லென்ஸ் வைத்து வெளிச்சத்தைக் குவிக்கிற அமைப்பு. அவன் கேட்ட நேரம் சரியில்லை. எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, வீட்டுக்காரியின் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு காரின் இடது ஹெட்லைட்டுக்கு முன்னால் குந்தியிருந்தேன். முந்தின நாள் பெய்த மழை கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாக நின்றது.

பம்பர் கதை சின்னது. 2014 கடைசியில் வந்த மாற்றியமைத்த ஸ்விஃப்ட்டின் முன்பக்க பம்பரும் கிரில்லும் 2011, 12 வண்டிகளில் கொஞ்சம் தட்டிக்கொட்டினால் உட்கார்ந்துவிடும். சென்னை புதுப்பேட்டையில் இரண்டையும் வாங்கி, அதே கடை வரிசையில் பழைய ஹெட்லைட் ஜோடி ஒன்றையும் எடுத்து, பார்சல் போட்டுத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தேன். என் வண்டி சில்வர். பத்து வருட வெயில் தின்ற போனட்டும் நேற்று அடித்த பம்பரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே நிறமாக இருக்காது. பகலில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும், சாயங்காலம் தெரியாது. பழகிவிட்டது. பம்பரில் ஒட்டிய டிஆர்எல் பட்டை, அதாவது பகலிலும் எரியும் விளக்கு, ஒரே வருடத்தில் மஞ்சள் பூத்தது, பிடுங்கிப் போட்டேன். எல்இடி இண்டிகேட்டர் பல்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அது இழுக்கும் கரண்ட் கம்மி என்பதால், பல்பு பீஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஃபிளாஷர் படபடவென்று அடித்துத் தள்ளியது.

வெளிச்சம்தான் விஷயம். இந்த வண்டியில் கம்பெனி கொடுத்தது சாதாரண ஹெச்4 ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60, இரண்டு இழையும் ஒரே பல்புக்குள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால் எதிரே வருகிறவர் கண் பிழைக்கிறது. எல்இடி பல்பை அப்படியே அந்த இடத்தில் சொருகினால் வெளிச்சம் பிறக்கும் இடம் ஒரு நூல் தள்ளிப் போகும், ரிஃப்ளெக்டரின் கணக்கே கெட்டுவிடும். நானும் முதலில் அந்தத் தப்பைச் செய்தவன்தான். வேம்பு, புளியமரம் என்று சாலையோர மரம் பூராவும் உச்சிவரை தெரிந்தது, ரோட்டில் இருந்த குழி மட்டும் தெரியவில்லை. எதிரே வந்த லாரிக்காரர்கள் திட்டியது கண்ணாடியை ஏற்றியும் காதில் விழுந்தது.

அதனால்தான் 2022இல் எல்இடி புரொஜெக்டருக்குப் போனேன். புதுப்பேட்டை ஹெட்லைட் ஜோடியைப் பிளந்து உள்ளே வைத்தார்கள். லென்ஸ், ரிலே வயரிங் (சுவிட்ச் வழியாகச் சுற்றாமல் பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது), கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதரை ஆயிரம். முதல் நாள் இரவே எதிரே வருகிறவர்கள் பிரைட் அடிக்க ஆரம்பித்தார்கள். மட்டத்தை இறக்கினேன், அப்போதும் அடித்தார்கள். வீட்டுச் சுவருக்கு எதிரே இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போலிருக்கும், ஒரு பக்கம் மட்டும் படியாக ஏறும். ஓரத்தில் நடப்பவரும் பலகையும் தெரிவதற்காக அந்தப் படி. நம் ஊரில் அது இடப்பக்கம் ஏற வேண்டும். எனக்கு மாட்டியிருந்ததில் வலப்பக்கம் ஏறியது. சாலையில் வலப்பக்கம் போகும் நாடுகளுக்குச் செய்த லென்ஸ்! அட்டைப்பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. கடையில் சண்டை போட்டு மாற்றினேன், இரண்டாவது தடவை விளக்கைப் பிளந்தார்கள்.

அப்புறம் கிடைத்தது இருக்கிறதே, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்ததும் இடப்பக்க வளைவுகளில் அந்தப் படி முன்னால் போய் மண்சுவரைத் தடவிக்காட்டும். போன மார்கழியில் ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று ஓரமாக நின்றது. முதலில் வெள்ளைக் கால் நான்கு, அப்புறம் மெதுவாக மேலே அந்தக் கறுத்த மலை. பழைய விளக்காக இருந்தால் மூக்கில் முட்டிய பிறகுதான் பார்த்திருப்பேன்.

மழைதான் எதிரி. வெளிச்சம் வெள்ளையோ வெள்ளை, நனைந்த தார் ரோட்டில் அது எங்கே போகிறதென்றே தெரியாது. அதையாவது பொறுக்கலாம். இந்த இடது கண்? கம்பெனி விளக்கின் விளிம்பில் வைத்திருக்கும் கறுப்புப் பசை சூடு காட்டினால் இளகும், திரும்ப ஒட்டும். இரண்டாவது தடவை பிளந்தபோது அதைச் சுரண்டிவிட்டு, பாத்ரூம் ஓரத்துக்கு அடிக்கும் சிலிக்கானை இழுத்துவிட்டிருக்கிறார்கள். எங்கேயோ மயிரிழை வாய் விட்டிருக்கிறது. பழைய ஹாலஜனாக இருந்தால் பல்பின் சூடே கண்ணாடியைக் காயவைத்துவிடும். எல்இடி தன் சூட்டைப் பின்னால் தள்ளிவிடுவதால் கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும், உள்ளே போன ஈரம் அங்கேயே குடித்தனம். மூன்று வருடத்தில் நான்கு தடவை சரிபண்ணியாயிற்று. கடைசித் தடவை எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன். "அண்ணே, தண்ணி போற வழி கண்ணுக்குத் தெரிஞ்சா அடைச்சிர மாட்டேனா?" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, சிலிக்கான் போட்டது வேறு கை. உள்ளே வெள்ளிப் பூச்சு ஓரத்தில் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது.

இதைவிட எரிச்சல் ஒன்று. எனக்கு ரிலே போட்ட கையோடு அப்பாவின் ஆல்டோவுக்கும் ஒன்று போட்டுவிட்டேன், எழுநூறு ரூபாய். போடுவதற்கு முன் மீட்டர் வைத்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் காலில் 12.1. மெல்லிசு வயரும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச்சும் சாப்பிட்டது மிச்சம். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் வரை குறையும். ரிலே வந்ததும் அதே 55 வாட் பல்பு கண் விழித்துக்கொண்டது. மழையில் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் குழி குழியாகத் தெரிகிறது. ஹேர் டிரையர் செலவும் இல்லை.

சட்டமும் நம் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2027இல் பதினைந்து வருடம் முடிந்து மறுபதிவுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளத்தான் வண்டியோடு வந்த ஹெட்லைட் ஜோடியைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். புதுப்பேட்டை ஜோடியைப் பிளந்ததும் அதனால்தான்.

மச்சினனிடம், "வேண்டாம் மாப்ள, எழுநூறு ரூபாய்க்கு ரிலே போடு, நல்ல ஹாலஜன் ரெண்டு வாங்கு, ஹெட்லைட் மஞ்சளா இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணு, போதும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப நீங்க பரண்ல இருக்கிறத இறக்கி மாட்டப் போறீங்களா மாமா?"

வலது பக்கம் இன்னும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்று சொன்னேன்.